கண்டக்டர் மேல் போட்ட பழி

இன்று காலை செஞ்சியில் திண்டிவனம் பஸ் கிளம்பும் நேரம். என் தங்கை இன்னும் வந்து சேரவில்லை.

“அண்ணே, ரெண்டே நிமிஷம். வந்துகினே இருக்கா” என்று கண்டக்டரைக் கெஞ்சினேன். நல்ல மனுஷன், வண்டியை நிறுத்தி வைத்தார். அவள் வர பத்து நிமிடம் ஆனது.

திண்டிவனம் ஸ்டேஷனுக்குள் நாங்கள் ஓடும்போதே சென்னை ரயில் நகர்ந்துவிட்டது. எங்களுக்குப் பெரிய நஷ்டமில்லை. துணிக்கடைக்குத்தான் போகிறோம்.

அதே பஸ்ஸிலிருந்து எங்களோடு ஓடி வந்த ஒரு பெண், கையில் ஃபைலோடு பிளாட்பாரத்தில் நின்றுவிட்டாள். செஞ்சி பக்கத்தில் சிங்கவரமாம் ஊர். செங்கல்பட்டில் பத்து மணிக்கு வேலைக்கு இன்டர்வியூ.

“அடுத்த ரயில் எப்பக்கா?”

“ரெண்டு மணி நேரம் ஆவும்மா.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “அந்தக் கண்டக்டர் யாருக்கோசரமோ வண்டிய நிறுத்தி வச்சிட்டாருக்கா. நான் முன்னாடி உக்காந்திருந்தேன், யாருன்னு தெர்ல.”

நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“ஆமாம்மா, இவங்க எப்பவும் இப்படித்தான்” என்றேன்.

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

பஸ்ஸிலாவது போகிறேன் என்று அந்தப் பெண் திரும்பி ஓடினாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா, தெரியாது. பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

அரை மணி நேரத்துக்கு ஒரு ரயில் இருந்திருந்தால், என் பத்து நிமிடம் இன்னொருத்தியின் வேலையில் கை வைத்திருக்காது. கூடுதல் ரயில் வேண்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கண்டக்டருக்குக் கொடுத்தது போக மிச்சப் பழியையும் ரயிலுக்குக் கொடுத்துவிட்டால், எனக்கென்று ஒன்றுமே மிஞ்சாது போலிருக்கிறதே. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?