அது டேலோட மரம் இல்லை, என் மரம்

உள்ளங்கையில் ஒரு சிட்டிகை திருநீறு. உஃப்பென்று ஊதினால் நேரே போகாது... கொஞ்சம் மிதந்து, யோசித்து, பிறகு ஒரு பக்கமாகத் திரும்பும். விடியற்காலைக் குளிர், செடார் மர வாசனை, மூக்கு நுனியில் ஒட்டிய சாம்பல்... இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு மொத்த டெக்சாஸுக்கும் காற்று எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது எதற்கு இந்தக் கதை? வயிறு எரிகிறது மக்களே, அதனால்தான்.

போன வாரம் நெட்டில் ஒரு போட்டோ. போட்டவன் என் பழைய ஆபீஸ் தோழன் டேலின் மகன். ஒரு கோணல் எல்ம் மரம், சாய்த்துக் கட்டிய ஏணி, உச்சியில் ஒரு சீட். மான் வேட்டைக்காரர்கள் ஏறி உட்காரும் ஸ்டாண்ட். கீழே எழுதியிருக்கிறான்: "அப்பா கண்டுபிடித்த இடம். காற்றைப் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளே இல்லை."

அப்பாவா? தன் ட்ரக்கில் ஏசி எந்த ஓட்டை வழியாக வருகிறது என்றே தெரியாத மனுஷன் ஐயா அவன்!

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆலன் என்கிற ஊரில் இருந்தோம். அபார்ட்மென்டைத் தாண்டினால் மாடு மேயும். செல்ஃபோன் டவரை எங்கே நட்டால் சிக்னல் எங்கே போகும் என்று பார்ப்பது என் உத்தியோகம். டேல் பக்கத்து க்யூபிக்கிள். பனைமர உயரம், தங்கமான மனசு. அவனும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் ஒரு ராஞ்சை, அதாவது மாட்டுப் பண்ணையை, வேட்டைக்கு லீஸ் எடுத்திருந்தார்கள். மூன்று வருஷமாக ஒரு மான் வாலைக்கூடப் பார்க்கவில்லை. இந்த சீசனும் இப்படியே போனால் லீஸை விட்டுவிடலாம் என்று மற்ற ரெண்டு பேரும் சொல்லிவிட்டார்கள்.

டேல் முகம் தொங்கிப்போய் வந்து நின்றான். "நீதான் டவருக்கு இடம் பார்க்கிறவனாச்சே... எனக்கும் ஒரு இடம் பாரேன்."

சுடுவது எனக்கு ஆகாது. இடம் பார்ப்பது? அதற்காகவே அவதாரம் எடுத்தவன் நான்!

போய்ப் பார்த்தால், மகாராஜா சிம்மாசனம் மாதிரி ஒரு பெரிய ஓக் மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறான். "வியூ சூப்பர்" என்கிறான். மானுக்கும் இவன் அப்படித்தானே தெரிவான்?

நாலு சனிக்கிழமை அந்தக் காட்டை அளந்தேன். குளம்படி, புழுக்கை, கொம்பு உரசிப் பட்டை உரிந்த மரங்கள்... ரெண்டு தடம் செடார் புதரிலிருந்து இறங்கி, ஓடைக்குக் கொஞ்சம் முன்னால் ஒன்றாகச் சேர்ந்தன. சரி, பாதை தெரிந்தது. காற்று? மனுஷ வாடை அடித்தால் மான் ஓடிவிடுமே.

முதல் நாள் நான் செய்த தப்பை ஒப்புக்கொள்கிறேன். தூள் ஊதிப் பார்க்கலாம் என்று, முகத்துக்குப் போடுகிற சந்தன பவுடரை எடுத்துப் போய்விட்டேன். காற்று அழகாகத் தெரிந்தது. கூடவே அந்த வாசனையும் போய் ஓக்லஹோமா எல்லைவரை இருந்த மான்களெல்லாம் ஊரைக் காலி செய்துவிட்டன. "கல்யாண வீடு மாதிரி மணக்கிறியேப்பா" என்று டேல் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுவாரம் பூஜை அலமாரியிலிருந்து திருநீறு. வெறும் சாணிச் சாம்பல், வாசனையே கிடையாது. என் வீட்டம்மா வாசலை மறித்து நின்றாள். "டப்பாவே காலியாயிருக்கு! நீங்க போறது வேட்டைக்கா, கும்பாபிஷேகத்துக்கா?"

ஊதினேன். ஓக் மரத்திலிருந்து சாம்பல் நேராக மான் பாதைக்குப் போனது. டேல் தினமும் தன் வேர்வையைத் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான்! பாதைக்கு எதிர்ப்பக்கம் இந்தக் கோணல் எல்ம். அங்கே நின்று ஊதினால் சாம்பல் நமக்குப் பின்னால் இருந்த வெறும் மேட்டுக்குப் போனது. மிச்ச வாரங்களிலும் அதேதான்.

"இதுலயா? இது மரமே இல்ல, ஊன்றுகோல்" என்றான். ரெண்டு மணி நேரம் சண்டை. கடைசியில் ஏணியை மாற்றிக் கட்டினோம். ஆயுத பூஜை சமயம் வேறு... மிச்சத் திருநீற்றைக் குழைத்து மரத்துக்கு ஒரு பட்டை போட்டேன், மூன்று விரலால்.

"இது எதுக்கு?"

"போட்டாத்தான் மான் வரும்" என்றேன், முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு.

சீசன் தொடங்கிய முதல் நாள் காலை, எட்டு மணிக்குள் வந்தது... யானை சைஸில் ஒரு மான், தலையில் கொம்பா வேப்பமரமா என்று சந்தேகம். லீஸ் பிழைத்தது. திங்கட்கிழமை ஆபீஸில் டேல் கதை சொல்கிறான்: "அந்த எல்மைப் பார்த்ததும் எனக்குப் பட்டுச்சு..." பட்டுச்சாம்! நான் காபி மெஷின் பக்கத்திலேயே நிற்கிறேன்! அன்றிலிருந்து ராஞ்ச் மேப்பில் அது 'டேல் ஸ்டாண்ட்'.

இப்போதெல்லாம் ஃபோனை எடுத்தால் காற்றுக்கு அம்புக்குறியே காட்டுகிறது. ஊத வேண்டாம், நாலு சனிக்கிழமை நடக்க வேண்டாம், பக்கத்தில் நின்று சண்டை போட ஒருத்தனும் வேண்டாம்...

போட்டோவுக்குக் கீழே நாலு பக்கக் குற்றப்பத்திரிகை டைப் பண்ணினேன். அனுப்பும் முன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரத்தில் வெள்ளை பெயின்ட். யாரோ என்னவென்று கேட்டிருக்கிறார்கள். பையன் பதில்: "தெரியாது. சீசனுக்கு முன்னால் அப்பா வருஷா வருஷம் அடிப்பார். இப்போது அவருக்கு முட்டி வலி, நான் அடிக்கிறேன்."

ரெண்டே ரெண்டு கோடு!

குற்றப்பத்திரிகையை அழித்துவிட்டு, "தம்பி, மூணு கோடு" என்று மட்டும் போட்டேன்.

பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. "அப்பா கேட்கச் சொன்னார்... அந்தப் பவுடர் உங்களிடம் இன்னும் இருக்கா?"

திமிரைப் பார்த்தீர்களா! இத்தனை வருஷம் கழித்து, ஒரு தேங்க்ஸ்கூட இல்லாமல்...

திருநீறு டப்பாவை வீட்டம்மா எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள் என்று ஒரு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.