‘அழகுக்காக’ என்று நான் எழுதியது

பங்சாரில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் பணம் கேட்டு நிரப்பி அனுப்பும் கிளைம் பாரங்களைப் பார்ப்பவள் நான். பிரசவத்தில் வயிற்றுத் தசை பிரிந்தவர்கள் அறுவைச் சிகிச்சைக்குக் கேட்டால், ‘அழகுக்காக’ என்று எழுதி மறுத்துவிடுவேன். கிள்ளானைச் சேர்ந்த ஒருத்தி மட்டும், நான் மறுத்த பிறகு நேரில் வந்து நின்றாள்.

“அக்கா, பிள்ள பொறந்ததும் வயித்த சுத்தி பெங்குங் துணி இறுக்கிக் கட்டினேன், ஒரு வருசம் பிசியோ போனேன், சரியாகல லா. கைய குடுங்க.”

நாற்காலியில் சாய்ந்து, என் விரல்களைத் தன் தொப்புளுக்கு மேல் வைத்துக்கொண்டு எழ முயன்றாள். சட்டைக்கு மேலாகவே மூன்று விரல்கள் தசை பிரிந்த இடைவெளிக்குள் அமிழ்ந்தன.

“என் பிள்ளைய தூக்க முடியல. இதுல என்னக்கா அழகு?”

அவளால் எதையெல்லாம் செய்ய முடியவில்லை என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிவரச் சொன்னேன். அந்தக் கடிதத்தால் ஒப்புதல் கிடைத்தது.

அதற்கு முன் நான் மறுத்தவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அழும் பிள்ளையைத் தூக்கித்தர யாரைக் கூப்பிட்டிருப்பார்கள்?