யாரும் இழுக்காத கயிறு

என் தங்கை கீழே விழுந்தபோது கைதட்டல் கேட்டது. எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் இது மட்டும் எனக்குச் செரிக்கவே இல்லை. நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவளுக்கு மூன்றடி பின்னால் நின்றேன். கையை ஊன்றக்கூடப் பார்க்காமல் அப்படியே முன்பக்கமாகச் சரிந்தாள். கைதட்டினார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆட்டத்தில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நான் பிளவுஸ் தைக்கிறவள். போன வருஷம் மழைக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு நடனக் குழு வந்து, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பழைய மண்டபத்தை ஒரு மாதத்துக்கு எடுத்தது. ஆடுகிற பெண்ணின் உடுப்பில் மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் பக்கமெல்லாம் சின்னச் சின்னப் பை வைத்துத் தைத்துத் தர வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். தீப்பெட்டி அளவுக் கருவிகள் அந்தப் பைகளுக்குள் போகுமாம். அவள் கையைத் தூக்கினால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற உருவமும் கையைத் தூக்கும்.

நிகழ்ச்சியில் பங்கெடுக்கிற ஊர்ப் பெண்கள் கண்ணை மூடுகிற மாதிரி ஒரு பெட்டியை முகத்தில் மாட்டிக்கொள்வார்கள், காதையும் மூடிக்கொள்வார்கள். உள்ளே ஒரு சமையலறை தெரியும். தரையிலிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். அந்தத் தண்ணீருக்குள் ஒருத்தி பாத்திரம் துலக்குவாள், பிள்ளையைத் தூக்குவாள், துணி பிழிவாள், எல்லாமே ஆட்டமாக. அதே நேரத்தில் நிஜமாகவும் அந்தப் பெண் அவர்களைச் சுற்றி ஆடிக்கொண்டிருப்பாள், தோளைத் தொட்டுவிட்டுப் போவாள். பெண்கள் ஓய்ந்துபோவதைப் பற்றிய இருபது நிமிஷ நிகழ்ச்சி என்றார் டைரக்டர் மேடம். அதற்கு பர்ன் அவுட் என்று பேராம். பல்பு பியூஸ் ஆகிறமாதிரி மனுஷியும் ஆகிறது என்று எனக்கு விளக்கினார்.

எனக்குப் பயந்த சுபாவம். கேஸை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள். அந்தப் பெட்டியில் கரண்ட் அடிக்குமா, கண்பார்வை போகுமா, யாராவது ஒருவர் மேல் ஒருவர் முட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று மேடத்தைத் துளைத்து எடுத்துவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு கயிற்றைக் காட்டினார். மெத்தென்ற பருத்திக் கயிறு. ஒரு முனை பெட்டி மாட்டிய பெண்ணின் கையில், மறு முனை பின்னால் நிற்கிற உதவியாளின் கையில். தலைசுற்றினாலோ பயமாக இருந்தாலோ அந்தப் பெண் இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். உடனே பெட்டியைக் கழற்றிவிடுவார்கள். உதவிக்கு ஆள் குறைவாக இருக்கிறது, இவ்வளவு கவனமாக இருக்கிற நீங்களே ஒரு கயிற்றைப் பிடியுங்களேன் என்றார்.

கயிறு எனக்குப் புதிதில்லை. என் வீட்டுக்காரர் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போகிறவர். வள்ளத்தில் அவருக்குக் கயிறு பிடிப்பது என் அண்ணன். அண்ணன் மேலிருந்து கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை ஓர் இழுப்புக் கொடுப்பான். அவர் கீழிருந்து பதில் இழுப்புக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் யோசிக்கவே கூடாது, ஆளைத் தூக்கிவிட வேண்டும். மயங்கிப்போனவனுக்குக் கயிறு எங்கிருந்து இழுக்க வரும்? மண்டபத்தில் இது தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றாமல் இல்லை. ஆனால் எட்டாவதோடு நின்றவள் நான், அவர்களோ இதற்கென்றே படித்துவிட்டு வந்தவர்கள். வாயைத் திறக்கவில்லை.

ஒத்திகை அன்று அவசரப்பட்டுவிட்டேன். என் முன்னால் நின்ற பெண் லேசாக அப்படியும் இப்படியும் ஆடினாள். ஓடிப்போய்ப் பெட்டியைக் கழற்றினேன். அவளுக்கு வந்தது பாருங்கள் கோபம். "ஏளா, நல்லா ஆடிக்கிட்டு இருந்தேன், உனக்கு என்ன வந்துது?" என்றாள். மண்டபமே சிரித்தது. மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, திட்டாமல்தான் சொன்னார், அவர்களாக இழுக்காதவரை நீங்கள் தொடக்கூடாது, முடிவு செய்யும் உரிமை அவர்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்று. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

அப்புறம்தான் தங்கையைக் கூப்பிட்டேன். அவள் எனக்கு மகள் மாதிரி. அம்மா வேலைக்குப் போக வேண்டியிருந்ததால், கைக்குழந்தையான அவளைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். இப்போது இறால் கம்பெனியில் தோல் உரிக்கிறாள். ஷிப்ட் முழுக்க நின்றபடி, ஐஸ் தண்ணீரில் கை. பாத்ரூம் போக வேண்டுமென்றால் கையைத் தூக்கி அனுமதி கேட்க வேண்டும் என்பதால் தண்ணீர்கூடக் குடிக்காமல் போகிறவள். வீட்டில் இரண்டு பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார். புருஷன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறார், எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. ஓய்வைப் பற்றிப் பேச்செடுத்தாலே சிரிப்பாள்.

"சோர்வுன்னா என்னன்னு எனக்குப் படம் போட்டு வேற காட்டணுமாக்கா? அந்த இருவது நிமிஷத்துக்குத் தூங்க விடச் சொல்லு."

"இருவது நிமிஷம் ஒருத்தரும் உன்னக் கூப்பிட மாட்டாவ. அதுக்காவது வா."

அதைக் கேட்டுத்தான் வந்தாள். நான்தான் அழைத்துப்போனேன்.

சனிக்கிழமை, அவளுடைய சாயங்கால ஷிப்ட் தொடங்குமுன் நடந்த ஆட்டம். ஆறு பெண்கள் வட்டமாக நின்றார்கள். குதிரைக்குக் கண்பட்டை கட்டின மாதிரி இருக்கிறோமே என்று பெட்டியை மாட்டும்போது என் தங்கைதான் எல்லோரையும் சிரிக்க வைத்தாள். நான் அவள் கயிற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சுற்றிலும் நாற்காலி போட்டு, பெட்டி மாட்டாதவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. பிறகு பார்த்தால் தங்கையின் விரல்கள் அசைகின்றன. ஒரு கை எதையோ பிடிக்கிறது, மறு கையின் கட்டைவிரல் அதன் தலையைக் கிள்ளுகிறது, ஓட்டை உருவுகிறது, போடுகிறது. மறுபடி பிடிக்கிறது. அங்கே இறாலும் இல்லை, மேஜையும் இல்லை. வெறும் காற்றை உரித்துக்கொண்டிருந்தாள். கயிறு பிடிக்கிற கையிலேயே சிக்கித் தொங்கியது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, உண்மையைச் சொல்ல வேண்டும்.

ஆடுகிற பெண் அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. தங்கை முன்னால் வந்து நின்று அதே கையசைவைத் தானும் செய்தாள். பெட்டிக்குள்ளும் அது தெரிந்திருக்க வேண்டும், தங்கையின் விரல் வேகமெடுத்தது. இவள் வேகம் கூட்ட, அவளும் கூட்டினாள். கிள்ளி, உருவி, போட்டு. நாற்காலிப் பக்கமிருந்து கைதட்டினார்கள்.

மின்விசிறி நேராகத் தங்கை மேல் சுற்றிக்கொண்டிருந்தது. ஆனால் நானே தைத்துக் கொடுத்த அவளுடைய ரவிக்கை முதுகு முழுக்க நனைந்திருந்தது. முழங்கால் இரண்டும் விறைத்து நின்றன. கயிற்றைப் பார்த்தேன். தொய்ந்து கிடந்தது. என்னையறியாமல் என் பக்கமிருந்து ஓர் இழுப்புக் கொடுத்தேன். பதில் இல்லை. இன்னொன்று கொடுத்தேன். அதற்கும் இல்லை. மேடத்தைப் பார்த்தேன். அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். ஒத்திகை அன்று எல்லோரும் சிரித்தது ஞாபகம் வந்தது. அவளாக இழுக்காதவரை தொடக்கூடாது. நான் நின்றேன். அவள் விழுந்தாள்.

பெட்டி கன்னத்தில் குத்தி ரத்தம் வந்தது. நான் கத்திய பிறகுதான் கைதட்டல் நின்றது. மடியில் போட்டு முகத்தில் தண்ணீர் தெளித்தோம். ஆடிய பெண் பக்கத்தில் உட்கார்ந்து, நான் என்ன செய்துவிட்டேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தங்கை கண்ணைத் திறந்தாள்.

"மணி என்னக்கா? ஷிப்டுக்கு நேரமாயிட்டா?"

அதற்கு அடுத்தபடி, சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "நடுவுல கெடுத்துட்டேனா?" என்றாள்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "தலை சுத்துச்சுன்னா ஏன்ளா இழுக்கல? கையிலதான கெடந்துது?"

"மத்தவ யாரும் இழுக்கலயேக்கா. நான் மட்டும் எப்படி?"

"கண்ணும் மூடிக் காதும் மூடி நிக்க. யாரும் இழுக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் என்னைப் பார்த்தாள். கேட்கக்கூடாததைக் கேட்டமாதிரி.

"இழுக்க மாட்டாவ. தெரியும்லா."

மேடம் மற்ற உதவியாட்களின் பக்கம் திரும்பினார். யாராவது, என்றைக்காவது, கயிற்றை இழுத்திருக்கிறார்களா என்று கேட்டார். ஒவ்வொருத்தராக இல்லை என்று தலையை ஆட்டினார்கள். ஒத்திகையிலிருந்து அன்றுவரை ஒருத்தியும் இழுக்கவில்லை. எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார். பெட்டியைக் கழற்றி நின்ற பெண்கள் அப்போதுதான் மெல்ல மெல்லச் சொன்னார்கள். ஒருத்திக்கு ஆரம்பத்திலேயே குமட்டியிருக்கிறது, விழுங்கிக்கொண்டாள். இன்னொருத்தி பயத்தில் கடைசிவரை கண்ணைத் திறக்கவே இல்லையாம். ஒத்திகையில் என்னைத் திட்டியவளும் வந்திருந்தாள். அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தாளாம். "சொன்னா அந்தப் பிள்ளைக்குக் கஷ்டமா இருக்கும்லா, இவ்வளவு ஆடுதா" என்று ஆடிய பெண்ணைக் கைகாட்டினாள். மேடம் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓய்ந்துபோகிற பெண்களைப் பற்றி எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டு அவர் உண்டாக்கிய நிகழ்ச்சி அது. அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தத்தைச் சோதித்துவிட்டு, இவ்வளவு குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு இவள் நின்றதே பெரிசு என்றார் டாக்டரம்மா. இதற்கு முன் மயங்கியிருக்கிறாயா என்று கேட்டதற்கு, தங்கை என்னைப் பார்க்காமல், கம்பெனியில் இரண்டு தரம் என்றாள். வழுக்கி விழுந்ததாகச் சொல்லிச் சமாளித்துவிட்டாளாம். வாரம் தவறாமல் என் வீட்டுக்கு வந்து போகிறவள். கேஸை அணைத்தேனா என்று கவலைப்பட்ட எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

கேள்விப்பட்டு என் வீட்டுக்காரர் வந்தார். வராந்தாவில் வைத்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"நீ மேல இருந்து இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன். ரெண்டு தரம்."

"பதில் வந்துதா?"

"வரல."

"பொறவு ஏன் நின்ன?"

நான் எழுந்து உள்ளே தங்கையிடம் போனேன்.

மறுநாள் காலை ரத்தம் ஏற்றினார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நான் சும்மா இருக்கவில்லை. வலிக்கிறதா, குளிர்கிறதா, குடிக்க ஏதாவது வேண்டுமா. எல்லாவற்றுக்கும் இல்லை, நல்லா இருக்கேன் என்றாள். ஊசி போட்ட இடம் வீங்கி வந்ததை நான் பார்த்து நர்ஸைக் கூப்பிட்டேனே தவிர, அவள் சொல்லவில்லை. நர்ஸம்மா எரிச்சலில், வாயில்லையா உனக்கு என்று கேட்டபடி ஊசியை மாற்றிக் குத்தினார். அதற்கும் தங்கை சிரித்தாள். மறுபடியும் நான் ஆரம்பித்தேன், தலை சுத்துதா, மயக்கமா வருதா என்று.

"கேட்டுக்கிட்டே இருக்காதக்கா," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. "எனக்கு முடியல."

அவளை இடுப்பில் சுமந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவள் வாயால் நான் கேட்டதில்லை. எதைத்தான் முடியல என்கிறாள், என்னையா, கம்பெனியையா, வீட்டையா? கேட்கவும் பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத் தலையணைப் பக்கம் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர். நான் பேசட்டுமா என்று கையை நீட்டினேன். அவளே எடுத்தாள்.

"இல்ல அண்ணாச்சி, இன்னைக்கு வரல." அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார். "நாளைக்கும் வரல." மறுபடி பேச்சு. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எப்பம் வருவன்னு கேக்காவ. என்ன சொல்லக்கா?"

மாமியார், பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் காசு, அவளுக்குப் பதில் வேறு ஆளைப் போட்டுவிட்டால் என்ன ஆகும், எல்லாம் ஒன்றாக மனசில் ஓடியது. தெரியலளா என்றேன்.

"தெரியல அண்ணாச்சி," என்று போனில் சொன்னாள். அவர் பேசி முடிக்குமுன்னே என் கையில் கொடுத்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போனுக்குள் அவர் ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் காதில் வைத்து, அவள் தூங்குகிறாள் என்றேன். அப்போது அவள் தூங்கியிருக்கவில்லை. சொல்லிவிட்டுப் பார்த்தேன், தூங்கிப்போயிருந்தாள்.