மரத்தரைக்கு அடியில் கிடந்த கண்ணாடிகள்

என் கணவர் இருபத்திரண்டு வருடம் லொறி ஓட்டினார். ஜெர்மனியில் ஹனோவரில் இருந்து வடக்கே துறைமுகம், அங்கிருந்து திரும்ப ஹனோவர். மேடு பள்ளமில்லாத அந்த நிலத்தில் ஓட்டோபான் நெடுஞ்சாலை ஓரமாக மண்ணிறப் பலகைகள் நிற்கும். ஒன்றில் காற்றாலை, ஒன்றில் அகழி சூழ்ந்த மாளிகை, இன்னொன்றில் பழைய கன்னியர் மடம் என்று வெள்ளைக் கோட்டில் படம் இருக்கும். இங்கே இறங்கினால் இதைப் பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் ஒருநாளும் இறங்கியதில்லை. சாமான் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். விடுமுறை நாளில் வீதியைக் கண்டாலே அவருக்கு அலுப்பு.

போன வருடம் கண் மருத்துவர், இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதாகியிருந்தது. வலி இல்லாததால் அவர் கவனிக்கவில்லை. இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது. வலது கண்ணால் நேரே தெரியும், பக்கங்கள் தெரியாது. சத்திரசிகிச்சை செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம், போனது திரும்பாது என்றார் மருத்துவர்.

என்னையும் பிள்ளைகளையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம், "முதுகு ஏலாது, அதுதான் விட்டிட்டன்" என்றார். கோயிலில் படி தெரியாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். "இந்த வயதில என்ன காதல்?" என்று பெண்கள் என்னைக் கேலி செய்வார்கள். நானும் சிரித்துவிட்டு வருவேன்.

சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்து டெர்மின் கிடைத்த கிழமை, காலைச் சாப்பாட்டின்போது கேட்டார்.

"இஞ்சாரும், அந்த மடத்தைப் போய்ப் பாத்திட்டு வருவமோ?"

"எந்த மடம்?"

"ஓட்டோபான் பலகையில இருக்கிறது. இவ்வளவு வருசமும் படத்தைத்தான் பாத்தனான்."

என்னிடம் ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஆனால் முதியோர் இல்லத்துச் சமையலறை வேலைக்குப் போய்வருவதைத் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை. அந்தச் சனிக்கிழமை ஓட்டோபானில் ஏறியதும் ஒரு லொறிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்தவர் வாயை மூடவில்லை. "கியரை மாத்தும்." "இடைவெளி விடும்." "ஏன் பயப்பிடுறீர்?"

"ஒண்டில் நீங்கள் ஓட்டுங்கோ, இல்லாட்டில் பேசாமல் இருங்கோ!" என்று கத்திவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மடம் செங்கல்லால் கட்டிய உயரமான கட்டடம். சுற்றிவரப் புல்வெளி, ஒரு வாய்க்கால், மாடுகள். இப்போதும் சில பெண்கள் அங்கே வசிக்கிறார்கள். அவர்களில் ஒருவர், எழுபது வயதைத் தாண்டியவர், பார்க்க வந்த எங்கள் பத்துப் பேரையும் உள்ளே அழைத்துப் போனார். நேரான முதுகு, கண்டிப்பான குரல். எதையும் தொடக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்றார்.

மேல்மாடியில் கன்னியர் பாடி வணங்கிய மண்டபம். சுவரிலும் வளைந்த கூரையிலும் இடைவெளி இல்லாமல் ஓவியங்கள். பழைய நிறங்கள் கெடாமலிருக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். எல்லோரும் அண்ணாந்து பார்த்து வியந்தபோது என் கணவர் கழுத்தை அங்குமிங்கும் திருப்பிக்கொண்டு நின்றார். பிறகு சுவரைக் கிட்டப் பார்க்கலாம் என்று ஓரடி வைத்தார். குறுக்கே கட்டியிருந்த கயிறு அவருக்குத் தெரியவில்லை. அதில் இடறியதும் எச்சரிக்கை மணி கீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

"கயிறு அங்கே காரணத்தோடுதான் இருக்கிறது" என்றார் அந்தப் பெண்.

"அவருக்குக் கண் தெரியாது" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டேன்.

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். "உமக்கு வாய் சும்மா கிடக்காதோ?" என்றார் தமிழில், மெல்ல.

அடுத்த அறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அந்தப் பெண் என் கணவரை முன்னுக்கு வரச் சொல்லி, ஒரு சிறு விளக்கைப் பெட்டிக்கு மேலே பிடித்தார். உள்ளே மரச்சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடிகள். இரண்டு வட்டங்களை நடுவில் ஆணியால் பொருத்தியிருந்தார்கள். காதில் மாட்டக் கம்பி இல்லை. பல நூறு வருடத்துக்கு முன் கன்னியரிடமிருந்து தவறி, தரைப்பலகை இடுக்குகளுக்குள் விழுந்தவை. பழுது பார்க்கப் பலகைகளைக் கழற்றியபோதுதான் அகப்பட்டனவாம்.

அவர் வலது கண்ணைக் கிட்ட வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"தேடியிருப்பார்களா?" என்று ஜெர்மனில் கேட்டார்.

"நாள் கணக்கில்" என்றார் அந்தப் பெண்.

"ஒருவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். வாசிக்கிற மாதிரிப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடியிருப்பார்கள்" என்றார் என் கணவர்.

யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தலைமயிரை ஒதுக்கிக் காதில் இருந்த கருவியைக் காட்டினார். "எனக்கு இது. இரண்டு வருடம், கேட்கிற மாதிரித் தலையாட்டிக்கொண்டு திரிந்தேன்" என்றார்.

மற்றவர்கள் போன பிறகு எங்கள் இருவரையும் மறுபடி மேலே கூட்டிப்போனார். அந்தச் சிறு விளக்கால் கூரையின் ஒவ்வொரு துண்டாகக் காட்டினார். "ஓம், தெரியுது" என்பார் இவர். தெரியாத இடத்தில் நான் சொன்னேன். ஆட்டுக்குட்டியைப் பார்த்து நாய் என்றேன். "உம்மட கண்ணையும் ஒருக்காக் காட்டவேணும்" என்றார். காலையில் இருந்து அப்போதுதான் சிரித்தார்.

வெளியே ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தேநீரைக் குடித்தோம். காருக்குள் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதை விடும்" என்றவர், கைத்தொலைபேசியை எடுத்து எசன் நகரில் இருக்கும் தன் பழைய சிநேகிதரை அழைத்தார். அவரோடு ஒரே அகதி முகாம் அறையில் இருந்துதான் என் கணவர் இந்த நாட்டு வாழ்க்கையைத் தொடங்கினார்.

"அண்ணை, முதுகு ஒண்டும் இல்லை. கண்தான் போகுது."

மறுமுனையில் இருந்து எனக்கும் கேட்கிற அளவுக்குக் குரல் வந்தது. "ஏனடா முந்தியே சொல்லேல்லை? எப்ப ஒப்பரேசன்? நான் வாறன்."

சொன்னபடியே சத்திரசிகிச்சை அன்று முதல் ரயிலில் வந்துவிட்டார். மூன்று மணித்தியாலம் என்னோடு ஆசுபத்திரி நடையில் காத்திருந்தார். அழுத்தம் குறைந்துவிட்டது, இருக்கிற பார்வை இப்போதைக்குத் தங்கும் என்று மருத்துவர் வந்து சொன்னபோது, எனக்கு முன் அழுதவர் அவர்தான். மறுநாள் என் கணவரை வெளியே விட்டார்கள். ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவருமாகப் பிடித்துக்கொண்டு படி இறங்கினோம். வாசலில் எங்கள் கோயிலுக்கு வருகிற ஒருவர் எதிர்ப்பட்டு, உடம்புக்கு என்ன வருத்தம் என்று கேட்டார்.

"கண்" என்றார் என் கணவர்.