நான் கோதுமைக்குக் காவல் இருந்த லட்சணம்

மூன்று வருஷத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்த நாலாம் நாள் நடந்தது இது. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் ஒரு லைன் வீட்டில் அப்போது குடியிருந்தோம். வரிசையாக எட்டு வீடுகள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மொட்டை மாடி. என் கணவருக்கு வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் வரிசையிலேயே சேலத்துக்காரர் உண்டு, கன்னடம் பேசுகிற குடும்பம் உண்டு, ஒடிசாவிலிருந்து வந்த ஆறு இளைஞர்கள் சேர்ந்து எடுத்த வீடு உண்டு. எங்களுக்கு அடுத்த கதவு பீகாரிலிருந்து வந்த இளம் தம்பதி.

நாலு வருஷமாக அங்கே இருந்தும் எனக்கு யாரோடும் ஒட்டுதல் இல்லை. குறைதான் நிறைய இருந்தது. குழாயடியில் பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், பாட்டைச் சத்தமாக வைக்கிறார்கள், கடுகெண்ணெய் வாசம் என் வீட்டுக்குள் வருகிறது என்று தினமும் ஒரு புகார் வாசிப்பேன். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே கேட்பார். "ஏட்டி, நம்ம வீட்டு மீன் கொழம்பு வாசத்தை அவங்க யார்ட்ட போயிச் சொல்லுவாங்க?" என்று ஒருநாள் கேட்டார். அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொடுக்கவில்லை.

ஐப்பசி மாதம் ஓசூரில் வெயிலைப் பார்ப்பதே அபூர்வம். ஒரு வாரமாகத் தூறல், குளிர். துவைத்த துணிகூடக் காயவில்லை. அம்மா ஊரிலிருந்து பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்த நெத்திலிக் கருவாடு ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கப் பார்த்தது. அன்றைக்குக் காலையில் பளிச்சென்று வெயில் அடித்ததும் கருவாட்டை அள்ளிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

மாடியில் எனக்கு முன்னாலேயே அடுத்த வீட்டுப் பெண் உட்கார்ந்திருந்தாள். புதுச் சேலை ஒன்றை விரித்து, கழுவிய கோதுமையைப் பரப்பி, கையில் குச்சியோடு காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள். தலை குளித்து ஈரக் கூந்தல். நான் போகவும் கீழே மோட்டார் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அரை மணி நேரம்தான் குழாயில் தண்ணீர் வரும். அவள் எழுந்து குச்சியை என் கையில் கொடுத்தாள். மூன்று வருஷமாக இங்கே இருப்பதால் தமிழ் ஓரளவு பேசுவாள். "அக்கா, பூஜைக்கு. காக்கா மட்டும் வாய் வைக்கக் கூடாது. ரெண்டு குடம் புடிச்சிட்டு வர்றேன்" என்றாள்.

காவலுக்கு நிற்பது நிற்கிறோம், நம் கருவாட்டையும் காயப்போட்டுவிடலாம் என்று கோதுமைக்கு நாலடி தள்ளிச் செய்தித்தாளை விரித்து நெத்திலியைப் பரப்பினேன். பூஜைக் கோதுமைக்குப் பக்கத்தில் கருவாடு போடலாமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் ஊரில் மாடி என்றால் மிளகாய், வடகம், கருவாடு எல்லாமே பக்கத்தில் பக்கத்தில்தான் காயும். அந்த நேரம் பார்த்து அம்மாவிடமிருந்து போன். கருவாடு கெடாமல் இருக்கிறதா, அண்ணனுக்குப் பார்த்த சம்பந்தம் என்னாயிற்று தெரியுமா என்று அம்மா ஆரம்பிக்க, நான் சிக்னல் கிடைக்கும் மூலைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

திரும்பிப் பார்த்தால் நாலு காக்காய். கருவாட்டைக் கொத்திக்கொண்டு போய்க் கோதுமைமேல் உட்கார்ந்து சாவகாசமாகத் தின்றுகொண்டிருந்தன. குச்சியை வீசி விரட்டினேன். கோதுமைக்குள் நெத்திலித் தலையும் முள்ளும் சிதறிக் கிடந்தன. படியில் கொலுசுச் சத்தம் கேட்பதுபோல இருக்கவே, அவசர அவசரமாகத் துணுக்குகளைப் பொறுக்கி எடுத்து, கோதுமையைக் கையால் நிரவிவிட்டு, கருவாட்டுக் காகிதத்தைச் சுருட்டி இடுப்பில் இடுக்கிக்கொண்டேன். அவள் வந்து சிரித்துக்கொண்டே குச்சியை வாங்கிக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மத்தியானம் குழாயடியில் அவளைப் பார்த்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் என்ன பூஜை என்று கேட்டேன். அவள் விவரமாகச் சொன்னாள்.

சூரியனுக்கான விரதமாம். நாலு நாள். கடைசி ஒன்றரை நாள் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது. ஏரியில் இறங்கி நின்று மறைகிற சூரியனையும், மறுநாள் உதிக்கிற சூரியனையும் கும்பிட வேண்டும். படைக்கிற பலகாரத்துக்கான கோதுமையை விரதம் இருப்பவள் தன் கையாலேயே கழுவிக் காயவைக்க வேண்டும். அதில் ஒரு குருவி வாய் வைத்தாலும் ஆகாது. அந்த நாலு நாளும் வீட்டில் வெங்காயம், பூண்டுகூட நுழையாது. போன வருஷம் அவள் கணவருக்குக் கம்பெனியில் ப்ரெஸ் மிஷினில் வலது கை மாட்டி மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. விரல்களை எடுக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, விரல் பிழைத்தால் இந்த விரதத்தை இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாளாம். விரல்கள் பிழைத்தன. வருகிற திங்கட்கிழமை அவர் மறுபடி மிஷினுக்குத் திரும்பப் போகிறார். அதற்குள் வேண்டுதலை முடிக்க வேண்டும். ரயிலில் இடம் கிடைக்காததால் ஊருக்கும் போக முடியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, சொல்லிக்கொடுக்க மாமியார்கூட இல்லாமல், தனியாக இருக்கிற விரதம்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. எல்லாவற்றையும்தான் பொறுக்கி எடுத்துவிட்டோமே, யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒரு மனது சொன்னது. அந்தக் கையோடு அவர் மிஷின் முன்னால் போய் நிற்கப் போகிறாரே என்று இன்னொரு மனது பிடுங்கியது. எனக்குச் சாமி பயம் அதிகம் கிடையாது. ஆனாலும் அவளுடைய நம்பிக்கைக்குள் நான் மீன் முள்ளைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன் என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது. என்னை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது.

சாயங்காலம் அவள் கணவர் துணிப்பையோடு சைக்கிளை எடுத்தார். அன்றைக்கு மாலை மட்டும் பக்கத்து மாவு மில்லில் மிஷினைக் கழுவிவிட்டு, விரதக்காரர்களின் கோதுமையை அரைத்துத் தருவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் வாசலைத் தாண்டுவதற்குள் செருப்புகூடப் போடாமல் ஓடிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தக் கோதுமை வேண்டாம் தம்பி. அதுல கருவாடு விழுந்துட்டு. நாந்தான் பக்கத்துல காயப் போட்டேன். காக்கா தூக்கிட்டு வந்து போட்டுட்டு. எனக்குக் காலையிலயே தெரியும். சொல்லல" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அவள் வாசலில் நின்றிருந்தாள். கத்துவாள், சண்டைக்கு வருவாள் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் தெருவையே கூட்டியிருப்பேன். அவளோ, "பரவால்ல அக்கா. வேற கோதுமை வாங்கிக்கலாம். நாளைக்குக் காயவைக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தில் அதிர்ச்சிகூட இல்லை. வேறு விரதக்காரர்களிடம் கொஞ்சம் மாவு வாங்கிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். தன் வேண்டுதலுக்குத் தன் கை பட்டதுதான் வேண்டும் என்றாள். சரி, ஆனால் நாளைக்கு மில் கிடையாதே? அந்த மிஷின் மிளகாய்க்கும் மல்லிக்கும் திரும்பியிருக்குமே? அதை இன்னும் யோசிக்கவில்லை என்றாள்.

அரைக்கிற பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடியும்போதே அவள் புதுக் கோதுமையைக் கழுவி மாடியில் பரப்பிவிட்டாள். நான் எந்திரக்கல் தேடிக் கிளம்பினேன். இரண்டு வட்டக் கல்லை ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் கைப்பிடியால் சுற்றி மாவு அரைப்பார்களே, அந்தக் கல். நாலு வருஷத்தில் நான் பார்த்த மத்திகிரி, பஸ் ஸ்டாப்பும் மளிகைக் கடையும்தான். அன்றைக்குத்தான் அதன் தெருக்களுக்குள் கால் வைத்தேன். கால்நடைப் பண்ணைப் பக்கம் மாடு வைத்திருந்த கன்னடக்காரர் வீட்டில் விசாரித்தேன். பாதி புரிந்து, மோர் கொடுத்து, அடுத்த தெருவுக்கு அனுப்பினார்கள். சர்ச்சுக்குப் பின்னால் மதுரைக்காரம்மா ஒருத்தி, தன் மிக்ஸியைத் தருவதாகச் சொன்னாள். மீன் மசாலா அரைத்த மிக்ஸி வேண்டாம் என்றதும், நான் ஏதோ மடி ஆச்சாரம் பார்க்கிறேன் என்று நினைத்து முறைத்தாள். காரணம் சொன்னேன். "அட, அந்தப் புள்ளைக்கா? இருங்க" என்று அவளே கூட நாலு வீடு வந்து கேட்டாள். ஒரு வீட்டில் எந்திரக்கல்லின்மேல் ரோஜாத் தொட்டி உட்கார்ந்திருந்தது. இன்னொரு வீட்டில் அதில் துணி துவைத்தார்கள்.

கடைசியில் தெலுங்கு பேசுகிற வீடு ஒன்றில் கிடைத்தது. "ராகி அரைக்கற கல்லுங்க. மொளகா கிளகா எதுவும் போடறதில்லீங்க. தாராளமா வந்து அரைச்சுக்கங்க" என்றார் அந்த வீட்டம்மா. நான் திரும்பி நடக்கும்போதே கல்லுக்குத் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் வானம் மூடியிருந்தது. தூறல் விழுந்தது. என் உயிர் போனது. மாடிக்கு ஓடினால், இரண்டாம் ஷிப்டுக்குப் போக வேண்டிய ஒடிசாக்காரர்கள் சேலையின் நாலு முனையையும் பிடித்துக் கோதுமையைப் படிக்கட்டுக் கொட்டகைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் வந்தால் வெளியே, தூறினால் உள்ளே என்று மத்தியானம்வரை ஆறேழு தடவை ஏறி இறங்கியது அந்தக் கோதுமை. மூன்று மணிக்கு அவள் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்க்க முடியாமல், விரதமாயிற்றே, நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். காய்ந்திருந்தது.

தெலுங்கு வீட்டில் தரையைத் துடைத்துக் கோலம்கூடப் போட்டு வைத்திருந்தார்கள். அவள் கல்லின் முன்னால் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தாள். காலையிலிருந்து சாப்பிடாத உடம்பு, பத்துச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. நானும் அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனாலும் பக்கத்தில் போகப் பயம். கருவாட்டைப் போட்டவள் நான்தானே. தள்ளி, கதவோரம் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, என் கையைக் கைப்பிடியில் வைத்து அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். எதிரெதிரே உட்கார்ந்து அரைத்தோம். அரைத்து முடிக்கும்வரை நான் தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன்.

விரதத்தின் நாலாம் நாள் விடியற்காலையில் நானும் என் கணவரும் அவர்களோடு ஏரிக்குப் போனோம். கரை முழுக்கக் கூட்டம். இத்தனை பேர் எங்களைச் சுற்றியே வாழ்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அந்தக் குளிரில் இடுப்பளவு தண்ணீரில் அவள் பழமும் பலகாரமும் வைத்த முறத்தை ஏந்தி நின்றாள். சூரியன் தலை காட்டியதும் அவள் கணவர் செம்பிலிருந்து பால் ஊற்றினார். அவருடைய வலது கை விரல்கள் செம்பை முழுதாகச் சுற்றி வளையவில்லை. அவள் ஒரு கையால் கீழே தாங்கிக்கொண்டாள். நான் என்னையறியாமலே கும்பிட்டேன். அந்த விரல்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.

கரையேறி, தண்ணீர் குடித்து விரதத்தை முடித்ததும் அவள் எனக்கு ஒரு பலகாரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதை வாங்கிக்கொண்டு, கருவாடு விழுந்த அன்றைக்குக் காலையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டும் என்று மறுபடி ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள்.

"எனக்குத் தெரியும் அக்கா. தண்ணி புடிச்சிட்டு மேல வந்ததுமே வாசம் வந்துச்சு. ஒரு மீன் தலைகூடப் பாத்தேன்."

அப்படியானால் அன்று மாலை அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியது எதற்கு என்று கேட்டேன். "வேற கோதுமை வாங்கத்தான். அந்தப் பை காலி அக்கா. உங்ககிட்ட சொன்னா உங்க மனசு கஷ்டப்படும். அதான் சொல்லாம வாங்கிக்கலாம்னு இருந்தோம்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பலகாரம் கொடுக்கப் போய்விட்டாள்.

அவர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார், சாயங்காலம் நல்லபடியாகத் திரும்பி வந்தார். மறு வருஷம் அவர்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார்கள். நாங்கள் இன்னும் மத்திகிரியில்தான் இருக்கிறோம். அன்றைக்கு உண்மையைச் சொல்லி அவள் விரதத்தைக் காப்பாற்றியது நான்தான் என்று ஏரிக்குப் போகும்வரை இரண்டு நாள் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் சொந்த ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி, தன் முதல் விரதமே கெட்டுப்போய் நின்ற அந்த நேரத்தில், அவளுக்கு முதலில் தோன்றியது என் மனசு நோகக் கூடாது என்பது. இப்போதும் பக்கத்து வீட்டைப் பற்றிக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், எனக்கே தெரியாமல் என்னைப் பொறுத்துப் போனவர்கள் இந்த ஊரில் இன்னும் எத்தனை பேரோ என்று நினைத்துக்கொள்கிறேன், சொல்ல வந்ததைச் சொல்ல மனசு வருவதில்லை.