அட்லஸில் இல்லாத ஊருக்கு ஒரு தந்தி

கப்பல் ஏஜென்சி குமாஸ்தா என்றால் கப்பலேறி உலகம் சுற்றுகிறவன் என்று பெண் வீட்டார் நினைப்பார்கள். கப்பல் விட்டுப் போனதையெல்லாம் கரையில் கட்டி மேய்ப்பவன் என்பது அந்தப் பாடு பட்ட எங்களுக்குத்தான் தெரியும். எழுபதுகளில் எனக்கு அப்படி வாய்த்தவன் ரஹீம். ஈரான் மாலுமி. தூத்துக்குடியில் குடல்வால் ஆபரேஷன் ஆகி அவன் ஆஸ்பத்திரியில் கிடக்க, கப்பல் கிளம்பிப் போய்விட்டது. ஊரில் மனைவிக்குத் தலைப்பிரசவ மாதம். கூடப் போனவர்கள் திரும்பி இவன் மட்டும் வராவிட்டால், கடல் கொண்டுபோய்விட்டது என்றுதானே நினைப்பாள்? "வைஃப்... டெலிகிராம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். பாவமாக இருந்தது. அனுப்பலாம்தான், ஊர் எங்கே இருக்கிறது?

இட்லி மலை

அட்லஸில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். அவன் சொன்ன பெயரில் ஒரு ஊரே இல்லை. ரஹீம் பலகாரத் தட்டை இழுத்து இட்லிகளை வரிசையாக அடுக்கினான்: மலை. நடுவே சாம்பாரை ஒழுகவிட்டான்: ஓடை. ஓடைக்கரையில் சட்னியைப் பொட்டுப் பொட்டாக வைத்தான்: வீடுகள். ஒரு பொட்டைத் தொட்டு, "மை ஹவுஸ்" என்றான். நானும் குனிந்து வழி தேடிக்கொண்டிருந்தபோது வார்டு ஆயா பாக்கியம் வந்து நின்றாள்.

"ஏலே ராசா, ஊரப் பொறவு கட்டிக்கிடலாம். மொதல்ல அந்த மலையத் தின்னு!"

காயல்பட்டினத்து உதவி

விலாசத்தை எழுதிக்கொடு என்றேன். வலமிருந்து இடமாக ஒரு பக்கம் எழுதினான். அரபிதானே என்று, காயல்பட்டினத்திலிருந்து அரபி கற்ற பெரியவர் ஒருவரைக் காரில் வைத்து அழைத்துவந்தேன். மனிதர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கணீரென்று முழுவதையும் வாசித்தார். ஊர்ப் பாஷை காதில் விழுந்ததும் ரஹீம் கண் கலங்கிவிட்டான். "என்ன எழுதியிருக்கு காக்கா?" என்றேன் ஆவலாக, அண்ணனை அழைக்கும் அவர்கள் ஊர் முறைப்படி.

"எழுத்து நம்ம எழுத்துதான், தம்பி. பாஷை பாரசீகம்லா? வாசிக்கத்தான் ஏலும், வெளங்காது."

ஜனத்தொகை

தந்தி போகிற அளவுக்கு அது ஊர்தானா என்று மானேஜருக்குச் சந்தேகம். நேரிலேயே வந்து, "ஜனத்தொகை என்ன?" என்றார். கைஜாடையோடு கேட்டேன். ரஹீம் கண்ணை மூடிக்கொண்டு மலையோரத்து வீட்டிலிருந்து பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தான். வீடு வீடாக, கைக்குழந்தை வரை. எண்ணிக்கை சொல்லப்பா என்றால் தலையை ஆட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். தலையை எண்ணுவது அவனுக்கு ஆட்டு மந்தைக்கான வேலை போலும். மானேஜர் உட்கார நாற்காலி கேட்டார்.

"ஜனத்தொகையக் கேட்டா வாக்காளர் பட்டியல்லா வாசிக்கான்!"

கடைவழி

தபாலாபீஸ் உண்டா? இல்லை. பஸ் உண்டா? உண்டு, ஓடைக்குக் கீழே நிற்கும். அங்கே ஹசன் என்பவரின் டீக்கடை. எனக்குப் பொறி தட்டியது. என் ஊர் மாப்பிள்ளையூரணியில் எனக்கு வரும் கடிதங்களே பஸ் ஸ்டாப் அண்ணாச்சி கடைக்குத்தான் வரும். கல்யாணம், கருமாதி எல்லாம் அந்தக் கடை வழியாகத்தான் ஊருக்குள் நுழையும். பக்கத்து டவுன் பெயர் ரஹீமுக்குத் தெரிந்திருந்தது. 'ரஹீம் உயிரோடு நலம், அடுத்த கப்பலில் வருவான்' என்று ஹசன் டீக்கடைக்கே எழுதி, மானேஜரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன்.

"ஈரான் தேசத்து டீக்கடைக்குத் தந்தி அடிக்க மொத ஆளு நீருதான்வே."

ஒரு பெயர் கூடுதல்

பதில் வரவில்லை. ரஹீம் பாதி இட்லியோடு எழுந்துவிடுவான். எனக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் அடுத்த கப்பல் வந்தது. அதில் அவன் ஊர்ப்பக்கத்து மாலுமி ஒருவன்; வார்டுக்கே அழைத்துவந்தேன். கப்பலேற வரும்போது ஹசன் கடையில் பஸ்ஸுக்கு நின்றவனை, தந்தி கண்ட ஊரே சூழ்ந்துகொண்டு விசாரிப்பு சொல்லி அனுப்பியிருக்கிறது. அவன் ஒவ்வொரு பெயராகச் சொன்னான், அதே மலையோரத்து வீட்டிலிருந்து. ரஹீம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கடைசியாக, "ஷிரின்" என்றான் வந்தவன். ரஹீம் விழித்தான். அப்படி ஒருவர் அவன் ஊரில் இல்லை. வந்தவன் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் தொட்டிலாக்கி ஆட்டிக் காட்டினான். ரஹீம் ஓவென்று அழுதுவிட்டான். நானும்தான். பாக்கியம் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

"அழாத ராசா, ஒன் ஊரு ஜனத்தொகையில ஒண்ணு கூடிட்டுல்லா!"

எந்த அட்லஸ் கைவிட்ட ஊரானாலும் பஸ் நிற்கிற இடத்தில் ஓர் அண்ணாச்சி கடை இருக்கும் என்ற ஒரே பூகோள அறிவை வைத்துக்கொண்டுதான் மிச்ச சர்வீஸ் முழுக்க நான் குப்பை கொட்டினேன்.