படிக்கட்டுக்கு அடியில் ஒரு கேட்ஜெட் கடை

கேட்ஜெட் கடை திறக்க ஆசைப்படுகிறவர்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை இதய டாக்டரிடம் காட்டிக்கொண்டு வருவது நல்லது. நான் காட்டிக்கொள்ளவில்லை. தரமணியில் ஏசி அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுகிறவர்களுக்குப் போனில் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்த வேலையை உதறிவிட்டு, தி. நகரில் ஒரு புடவைக்கடைப் படிக்கட்டுக்கு அடியில் இடம் பிடித்தேன். யுஎஸ்பி விசிறி, கீபோர்டு இடுக்கில் தூசி உறிஞ்சும் கையடக்க மெஷின், எப்படி வேண்டுமானாலும் வளையும் விளக்கு, காபி டம்ளரை ஆறவிடாத சூட்டுத் தட்டு, எங்கிருந்து அமுக்கினாலும் அடிக்கும் வயர் இல்லாத காலிங் பெல், இதெல்லாம்தான் சரக்கு. விலை மலிவு. பார்த்தால் கை வைக்காமல் இருக்க முடியாது. உங்கள் வீட்டு இழுப்பறையிலும் இதில் ஒன்று சார்ஜ் இல்லாமல் கிடக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆகவே நீங்களும் நம்ம கட்சிதான், கூச்சப்படாமல் படிக்கலாம்.

என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் கணவன்மார்கள். மனைவி மாடியில் பட்டு பார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் கீழே இறங்கி வந்து என் கவுண்டரில் எதையாவது எடுத்து உருட்டிக்கொண்டிருப்பார்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரரும் புடவைக்கடை முதலாளியும் ஒருவரேதான், திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி. பதினோரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார்: கடை அவருக்குத் திருப்தியாக இல்லையென்றால், தை பிறந்ததும் என்னைக் கிளப்பிவிட்டு அங்கே பிளவுஸ் பிட் கவுண்டர் போட்டுவிடுவாராம். போதாக்குறைக்கு என் தலைக்கு நேர் மேலே அவருடைய கேமரா வேறு. எனக்கு ஒவ்வொரு தடவை தூக்கிவாரிப்போடும்போதும், அதை அண்ணாச்சி பார்த்திருப்பாரோ என்று கூடவே இன்னொரு தடவை தூக்கிவாரிப்போடும்.

மௌஸை ஆட்டும் தட்டு

என்னிடம் ஒரு வட்டத் தட்டு உண்டு. மௌஸை அதன்மேல் வைத்துவிட்டால் தட்டு மெதுவாகச் சுற்றிச் சுற்றி மௌஸை ஆட்டிக்கொண்டே இருக்கும். வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் இதை வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். ஆபீஸில் இருக்கிறவர்களின் திரையில் இவர் பெயருக்குப் பக்கத்தில், மும்முரமாக வேலை செய்வதாகப் பச்சை விளக்கு எரியும். வாங்குகிற யாரும் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நானும் கேட்க மாட்டேன்.

ஒருநாள் அடையாறிலிருந்து வந்திருந்த ஒருவர், இஸ்திரி கலையாத சட்டை, கழுத்தில் ஆபீஸ் அட்டை, அந்தத் தட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யார் வாங்குகிறார்கள், எத்தனை பேர் வாங்குகிறார்கள், எந்தக் கம்பெனிக்காரர்கள் என்று போலீஸ் மாதிரி விசாரித்தார். மணிக்கட்டு வலி இருக்கிறவர்கள் வாங்குவார்கள் சார் என்று புளுகினேன். அவர் தான் ஒரு பெரிய டீமுக்கு மேனேஜர் என்றார். தன் டீமில் நாள் முழுக்க எல்லார் பெயருக்கும் பக்கத்தில் பச்சை எரிகிறதாம், வேலை மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லையாம். இவர் நேரே அண்ணாச்சியிடம் போய், உங்கள் படிக்கட்டுக்கு அடியில் மோசடிச் சாமான் விற்கிறார்கள் என்று புகார் கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அவர் பர்ஸைத் திறந்தார். முகத்தில் அப்படி ஒரு துக்கம்.

"எங்க டீம்லயே நான் ஒருத்தன்தான் நிஜமாவே மௌஸை ஆட்டிட்டு இருக்கேன் போல மேடம். எனக்கும் ஒண்ணு குடுங்க."

சத்தம் போடும் கீபோர்டு

தட்டினால் டொக் டொக்கென்று சத்தம் போடுகிற கீபோர்டுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. ஆனால் அக்காவுக்குத் துணையாகக் கடைக்கு வந்திருந்த அந்த ஐடி பையனைப் போல யாரும் தேர்ந்தெடுத்ததில்லை. ஒவ்வொரு கீபோர்டாகக் கீழே வைத்துவிட்டு, பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, என்னைத் தட்டச் சொன்னான். இன்னும் பலமாக, இன்னும் வேகமாக என்றான். நானும் மூச்சு வாங்கத் தட்டினேன். இதைவிடச் சத்தம் போடுகிறது வேண்டும் என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் தம்பி, ஆபீஸில் பக்கத்து சீட்காரன்மேல் ஏதாவது பகையா என்று கேட்டேன்.

"வீட்ல இருந்துதான் மேடம் வேலை. சத்தம் வரலன்னா சும்மா இருக்கேன்னு நெனச்சு அம்மா கறிவேப்பில வாங்க அனுப்பிடறாங்க."

மைலாப்பூர் டப்பாவில் என் குரல்

மைலாப்பூர் மாமி ஒருத்தர் வந்து, ஆத்துல அடிக்கடி திருடு போறது, யாராவது கிட்ட வந்தா கத்தற மாதிரி ஏதாவது இருக்கா என்று ரகசியமாகக் கேட்டார். நகையா மாமி என்றேன். மைசூர்பாகு என்றார். திருடர் மாமாதானாம், அவருக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாம். ஆள் நடமாட்டம் தெரிந்தால் பேசுகிற சின்னப் பெட்டி ஒன்றைக் கொடுத்தேன். அதில் நாம் விரும்பியதைப் பதிவு செய்துகொள்ளலாம். செயல்விளக்கத்துக்காக என் குரலில் "வணக்கம், வாங்க வாங்க" என்று பதிந்து வைத்திருந்தேன். அதை எப்படி மாற்றுவது என்று நான் ஆரம்பிப்பதற்குள், மாமி எல்லாம் எனக்குத் தெரியும் என்று பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் கடைக்கு முன்னால் வந்து நின்றார். வழக்கம்போல வணக்கம், வாங்க வாங்க என்றேன். மனிதர் அப்படியே சிலையாகிவிட்டார். இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். நீதானா அது என்றார். அப்போதுதான் விளங்கியது, ஒரு வாரமாக மைலாப்பூர் சமையலறையில் ஒரு மைசூர்பாகு டப்பாவின்மேல் உட்கார்ந்துகொண்டு நான் அவரை வரவேற்றுக்கொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டு, உடனே குரலை மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் பதறிப்போய்க் கையை ஆட்டித் தடுத்தார். மைசூர்பாகை விட்டாயிற்றாம், ஆனால் டப்பா பக்கம் போவதை மட்டும் விட முடியவில்லையாம்.

"எங்காத்துல இத்தனை வருஷத்துல என்னை வாங்கன்னு கூப்பிட்டது இது ஒண்ணுதாம்மா. வாசலுக்கும் ஒண்ணு குடு."

நொச்சிக்குப்பத்துக் குரல்

எல்லாரும் கணவன்மார்கள் இல்லை. நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரமாக மீன் விற்கிற அக்கா ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்தார். மகள் மாடியில் கலர் கலராகப் பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்க, அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. கீழே வந்தவர் கண்ணில் பட்டது கையடக்க ஒலிபெருக்கி. நாம் பேசியதைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அதுவே கூவும். தினம் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொள்கிறது, இது இருந்தால் தேவலையே என்றார். பேசிப் பாருங்கள் என்று பட்டனை அமுக்கிக் கொடுத்தேன்.

என் புத்தி ஏன் அப்படிப் போனதென்று இன்றுவரை தெரியவில்லை. வஞ்சிரம், வவ்வால், சங்கரா என்று அக்கா விட்ட கூவலில் கவுண்டர் கண்ணாடி அதிர்ந்தது. அதைவிடப் பெரிய கூத்து, ஒலிபெருக்கி அதையே இன்னும் பலமாகத் திருப்பிக் கூவ ஆரம்பித்தது. நிறுத்துகிற பட்டன் அந்த நேரம் பார்த்து உள்ளே போய் மாட்டிக்கொண்டது. மாடியில் பட்டுச்சேலைப் பகுதியே கப்சிப். முகூர்த்தப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பமே படியில் நின்று என்னைப் பார்த்தது. அண்ணாச்சி இறங்கி வந்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் மேலே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. தரமணி நாற்காலி கண்முன்னால் வந்து நின்றது.

அக்கா அதையெல்லாம் கவனிக்கவே இல்லை. ஒலிபெருக்கியையே வெறித்துக்கொண்டிருந்தார். நான் ஒருவழியாக பேட்டரியைப் பிடுங்கிய பிறகும் அவர் முகம் தெளியவில்லை. இது யார் குரல் என்று என்னைக் கேட்டார். உங்களுடையதுதான் அக்கா என்றேன். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் கொரல வெச்சிக்கினா இம்மா நாளு கூவிக்கினு கீறேன்? என் வூட்டுக்காரரு ரொம்பப் பாவம்மா."

கைப்பைக்குள் ஒரு பீப்

சாவிக்கொத்தில் மாட்டுகிற சின்ன வில்லை ஒன்று இருக்கிறது. சாவி தொலைந்தால் போனில் அமுக்க வேண்டியதுதான், கிடக்கிற இடத்திலிருந்து பீப் பீப் என்று கத்தும். ஒரு கணவர் அதை வாங்கி, மேலே போய், மனைவியின் கைப்பையில் அந்த அம்மாவுக்கே தெரியாமல் போட்டுவிட்டு வந்தார். பீப் சத்தம் பட்டுப் பகுதியிலிருந்து வந்தால் இன்னும் நேரம் இருக்கிறது, பில் கவுண்டர் பக்கமிருந்து வந்தால் இவர் கிளம்பத் தயாராகலாம் என்பது திட்டம். அதுவரை என் கடையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு சாமானாகப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்.

முதல் தடவை அமுக்கியதுமே மாடியில் கூச்சல். பையில் ஏதோ அலறுகிறது என்று பக்கத்திலிருந்தவர்கள் சிதறி ஓடியிருக்கிறார்கள். பீப் சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கி எங்களை நோக்கி வந்தது. கணவர் வளையும் விளக்குக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார். நானும் இன்றைக்குக் கடை காலி என்று முடிவு கட்டிவிட்டேன். அந்த அம்மா வில்லையை என் முன்னால் வைத்தார். இது எப்படி வேலை செய்கிறது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கோபமே இல்லை, யோசனைதான்.

"இன்னொண்ணு குடுங்க மேடம், இவர் சட்டையில கோத்து விடணும். போன தீபாவளிக்கு இந்தத் தெருவுலயே இவரைத் தொலைச்சுட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்."

அண்ணாச்சி கேட்ட மணி

மார்கழி பாதியில் அண்ணாச்சி கையில் டேப்போடு ஒரு தச்சு ஆசாரியை அழைத்துக்கொண்டு வந்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அளந்தார்கள். என் கவுண்டரை எங்கே நகர்த்தலாம் என்று ஆசாரி கேட்டது என் காதில் விழுந்தது. இந்தக் கடைக்காகத்தான் மாதச் சம்பளத்தை விட்டேன். வீட்டில் எல்லாரும் பைத்தியம் என்றார்கள். அவர்களிடமே போய், நீங்கள் சொன்னது சரிதான் என்று நிற்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. நேராகப் போய், எப்போது காலி பண்ண வேண்டும் என்று நானே கேட்டுவிட்டேன்.

அண்ணாச்சி முழித்தார். காலி பண்ணச் சொன்னது யார் என்றார். ஆசாரி அளந்தது பிளவுஸ் பிட் கவுண்டருக்கு இல்லையாம், என் கடைக்கு முன்னால் நாற்காலி போடவாம். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இத்தனை மாதம் கேமராவில் பார்த்ததைச் சொன்னார். முன்பெல்லாம் ஆம்பளைகள் மாடியிலேயே நின்றுகொண்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று அரிப்பார்களாம். பொம்பளைகளும் போதும்டா சாமி என்று கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். நான் வந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஒரு சேலைக்கு வந்தவர்கள் மூன்று எடுக்கிறார்கள். எனக்கு நிம்மதியில் கண்ணே கலங்கிவிட்டது. என் விசிறிக்கும் விளக்கிற்கும் இப்படி ஒரு மகிமையா என்று பூரித்துப் போனேன்.

அதற்குள் அவர் குரலை இறக்கி, ஆனால் நீ ஒரு பெரிய தப்புப் பண்ணுகிறாய் என்றார். தப்பு என்னவென்றால், நான் சாமானை விற்றுவிடுகிறேனாம். விற்கிறதுக்குத்தானே அண்ணாச்சி கடை என்றேன். அங்கேதான் கெட்டது என்றார். கையில் பை வந்த நிமிஷம் ஆம்பளை விறுவிறுவென்று மாடி ஏறிப் போய் மனைவியைக் கிளப்பிவிடுகிறானாம். விற்கவே வேண்டாம், வெறுமனே காட்டிக்கொண்டிரு, வாடகையும் வேண்டாம், மாதாமாதம் நானே ஏதாவது போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சம்பளத்துக்கு உட்காருவதென்றால் நான் தரமணியிலேயே உட்கார்ந்திருப்பேன், வாடகை கொடுப்பேன், விற்கத்தான் விற்பேன், பிடிக்கவில்லையென்றால் தைக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே கிளம்புகிறேன் என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அண்ணாச்சி தாடையைத் தடவிக்கொண்டு என் அலமாரியைப் பார்த்தார்.

"சரிம்மா, கோவப்படாத. அந்த வயரு இல்லாத காலிங் பெல்லுல ஒண்ணு எடுத்து எனக்கு பில்லு போடு. மேல பொம்பள சேலைக்குப் பணம் கட்டுனதும் நான் மணிய அமுக்குதேன், அதுக்குப் பொறவு அவ புருசனுக்கு நீ என்னத்த வேணும்னாலும் வித்துக்கோ."

தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது என்கிறார்கள், இருக்கலாம், தி. நகரில் மட்டும் அது மாடியில் பட்டுச்சேலைக்கு பில் போடும் வரை படிக்கட்டுக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்கிறது.